ஏரியரசியின் குரல்

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கட்டும் என்று நந்தினி அடுப்படியில் காத்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் அவளே பேசினாள்.

"மகனே, எங்கே இருந்தாலும் என் குரலுக்கு வா."

முதலில் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளுடைய பௌர்ணமி அறிவிப்பு ஒன்றைக் கணவன் சக்திவேல் போனில் பிடித்துவைத்து ஓடவிடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் தொண்டர்கள் போடும் உதவிப் பந்தலில் மைக்கில் பேசுவது அவள்தான். காணாமல் போன பிள்ளைகள், கூட வந்தவர்களைத் தவறவிட்ட பெரியவர்கள், கிடைத்த பர்ஸ், கிடைத்த சாவி என எல்லாவற்றையும் அவள்தான் அறிவிப்பாள். மற்ற நாட்களில் டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலை. ஆக, அவள் குரல் எங்கிருந்தாவது கேட்பது அந்த வீட்டில் அதிசயமில்லை. ஆனால் அறிவிப்பில் யாரையும் அவள் மகனே என்று கூப்பிட்டதில்லையே என்று அவள் யோசிக்கும்போதே அந்தக் குரல் அழ ஆரம்பித்தது.

அடித்தொண்டையிலிருந்து வந்த அழுகை. பாதியில் மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் அடங்கியது. நந்தினி அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நிலைப்படியில் நின்றாள்.

சக்திவேல் கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அவன் மேனேஜர். வேலை முடிந்து வந்தால் வீடியோ கேம்தான். விளையாடிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று தமிழில் பேசி வீடியோ போடுவான். பார்க்கிற கூட்டம் கம்மி. ஆனாலும் இந்தத் தடவை முதல்முறையாக ஒரு கம்பெனியே அவனைத் தேடி வந்து, வெளிவருவதற்கு முன்பே தங்கள் விளையாட்டைக் கொடுத்திருந்தது. பேர் 'ஏரியரசி'. தமிழிலும் பேசும் என்பதால் தமிழ்ச் சேனல்களாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளாக அவன் சாப்பிடும்போதுகூட அதைப் பற்றித்தான் பேசினான்.

அதில் சண்டையெல்லாம் சீட்டில்தான். ஏரிக்கரை நாட்டில் இருக்கும் ஒவ்வொரு மனிதரும் ஒரு சீட்டு. வலை வீசுகிறவன், குயவர் வீட்டுப் பெண், வாய் பேசாத பூசாரி என்று கையில் ஐந்து சீட்டு வரும். எதைக் கீழே வைக்கிறோமோ அந்த ஆள் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சண்டைக்குப் போவார். தோற்றால் அந்தச் சீட்டு ஓரத்திலிருந்து கருகிச் சாம்பலாகும். அதன்பிறகு கதையிலும் அந்த ஆள் கிடையாது. நாட்டின் அரசியுடைய மகனை ஏரி எடுத்துக்கொண்டிருக்கிறது. கரையில் நின்று அவள் கூப்பிடுகிறாள். கூப்பிடும் போதெல்லாம் ஏரி, "இன்னொரு ஆளைக் கொடு" என்கிறது.

"ஏங்க, அது என் குரல்," என்றாள் நந்தினி.

"எது?"

"இப்ப அழுதுச்சே, அது."

அவன் சிரித்தான். "வெளிநாட்டுக்காரன் செஞ்ச கேமு. உன் குரல் எப்படி அதுல போவும்?"

"மறுபடி போடுங்க."

போட்டான். இரண்டாவது முறை கேட்டதும் சிரிப்பு நின்றது. மூன்றாவது முறை போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றான். "மகனேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குது பாரு. அது உன்னுதுதான்."

சின்ன வயதில் வீசிங் இருந்ததால் வந்த பழக்கம் அது. பேச ஆரம்பிக்கும்முன் அவளுக்கு ஒரு சின்ன மூச்சு வேண்டும்.

"நான் இதெல்லாம் பேசவே இல்லையேங்க. நான் எங்க அழுதேன்?"

பேசியது வேறு. கல்யாணத்துக்கு முந்தின வருடம், பிரசாத் என்று ஒருவர் பந்தலுக்கே வந்து அவளைக் கேட்டார். ரமணாசிரமத்துக்குப் பின்னால் வீடு எடுத்திருந்த ஒலிப்பதிவுக்காரர். சுவரெல்லாம் மெத்தையை நிறுத்திவைத்து, சத்தம் வரும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார். வியர்க்க வியர்க்க ஒரு வாரம் அவள் வாக்கியங்களாகப் படித்தாள். நாளை மழை பெய்யும். ஆட்டோ வாசலில் நிற்கிறது. நடுவில் மயில் கத்தினால் மறுபடி முதலிலிருந்து. போனில் தானாகப் பதில் சொல்லும் சேவைக்கு என்றுதான் சொல்லியிருந்தார். கடைசி நாள், "பஸ் போய்விட்டது" என்பதைச் சாதாரணமாக, கோபமாக, ரொம்ப சோகமாக என்று மூன்று விதமாகக் கேட்டார். பஸ் போனதற்கு யாராவது இவ்வளவு வருத்தப்படுவார்களா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். பிறகு டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டாள். கிடைத்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தாள்.

அந்த பஸ்ஸிலிருந்துதான் கம்ப்யூட்டரை வைத்து இந்த அழுகையைச் செய்திருக்கிறார்கள்.

சக்திவேல் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ பூரிப்பு இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டா நந்தினி? நீ நேர்ல பேசுறத விட இது நல்லா பேசுது."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"இல்ல, நான் வேற அர்த்தத்துல சொன்னேன்."

"என்ன அர்த்தத்துல?"

அவன் குக்கரைத் திறந்தாளா என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் அவன் வீடியோ போட்டாக வேண்டும். இது என் மனைவியின் குரல் என்று சொன்னால் வீடியோ எங்கேயோ போய்விடும் என்று அவனுக்கு ஆசை. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தடவை, காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். வேண்டவே வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் இருப்பவர்களெல்லாம் அழுது காட்டச் சொல்வார்கள் என்று பயந்தாள். சரி, சொல்லமாட்டேன் என்றான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். வீடியோ வந்ததும் அவள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்.

கதைதான் இதில் பெரிது, சீட்டு விளையாட்டில் இப்படி ஒரு கதையை எதிர்பார்க்கவில்லை என்றெல்லாம் பேசிவிட்டு, கேமராவைப் பார்த்து அவன் சொன்னான்: "அந்த அரசிக்குக் குரல் குடுத்தது யாருன்னு தெரியலைங்க. ஆனா உடம்பு சிலிர்க்குது."

சொல்லாதே என்று சொன்னவள் அவள்தான். இருந்தும் 'தெரியலைங்க' என்று அவன் அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

அவன் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அக்கா குரலுக்காகவே விளையாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன் என்று ஒருவன். அழுகை கொஞ்சம் ஓவர் என்று இன்னொருவன். அவளுக்கு இரண்டுமே கூசியது.

பிரசாத்தின் பழைய நம்பர் வேலை செய்தது. இப்போது மங்களூரில் இருக்கிறாராம்.

"நானும் ஒரு கம்பெனிக்குக் கூலிக்குத்தாங்க ரெக்கார்டு பண்ணேன். அந்தக் கம்பெனிய வேற ஒருத்தன் வாங்கிட்டான். அவன் யாருக்குக் குடுத்தான்னு எனக்கே தெரியாது. உங்க குரல்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "நல்லா வந்திருக்குங்களா?"

அவரைத் திட்டத்தான் போன் செய்திருந்தாள். "நல்லாத்தான் இருக்கு சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாடி வீட்டு வக்கீல் திருமலையிடம் கேட்டார்கள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "கேஸ் போடலாம்மா. யார் மேல போடுறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டு, ஆதாரமெல்லாம் சேர்த்துவைக்கச் சொல்லி, கீழே வாசல்வரை வந்து வழியனுப்பினார். விளையாட்டுக் கம்பெனிக்குச் சக்திவேல் உட்கார்ந்து விளக்கமாக மெயில் எழுதினான். மறுநாளே பதில் வந்தது. எங்கள் கதாபாத்திரங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி என்று இருந்தது. கூடவே, ஏரியரசியின் சீட்டுக்குத் தங்க ஓரம் போட்டுக்கொள்ள ஓர் இலவசக் குறியீடு. சக்திவேல் அதைப் படித்துவிட்டு மேசையில் குத்தினான். வேறு முகவரி தேடிப் பிடித்து மறுபடி எழுதினான். அதற்குப் பதிலே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் விடுதிக்குப் போனபிறகு நந்தினி கம்ப்யூட்டரைத் திறந்தாள். சீட்டுக்கட்டில் கழுதையும் முந்நூற்று நாலும் தவிர எதுவும் அறியாதவள் அவள். முதல் சண்டையிலேயே வலைஞன் கருகிப்போனான். கருகும்முன் அவன், "வலையை மட்டும் பத்திரமா வச்சிரு தாயி," என்றான். அவள் பதறி, எதையாவது அழுத்தி நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. குயவர் வீட்டுப் பெண்ணும் போனாள். கடைசியாகக் கையில் அரசியின் சீட்டு ஒன்றே இருந்தது. அதை வைக்க மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் வைத்தாள்.

"மகனே," என்றது அவள் குரல்.

கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்கும் அந்தப் பெண்ணை நந்தினிக்கு யாரென்றே தெரியாது. மூக்கும் முழியும் யாரோ. வாயைத் திறந்தால் மட்டும் அவள். நந்தினி அப்படியே உட்கார்ந்து கேட்டாள். அந்தப் பெண்ணுக்காக அவளுக்கே கண் கலங்கியது. என் தொண்டையைக் கேட்டு நானே அழுகிறேனே என்று நினைத்ததும் கோபம் வந்தது. கோபத்தோடே திரும்ப முதலிலிருந்து ஆடினாள். பையன் கிடைக்கிறானா என்று தெரிய வேண்டும், தெரிந்தால் போதும் என்று இருந்தது. மத்தியானம் சாப்பிட மறந்து இரண்டாம் பாகத்தின் கடைசிவரை போனாள். அரசி தண்ணீருக்குள் ஒரு காலை வைக்கிறாள். அங்கே திரை கறுத்து, முன்னோட்டம் இவ்வளவுதான் என்றது. வெறுமையான திரையில் அவள் முகம் தெரிந்தது.

அந்த மாதப் பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. மத்தியானத்திலிருந்தே கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. நந்தினி பந்தலுக்குப் போகும்போது வெயில் இறங்கவில்லை. தொண்டர்களுக்குப் பொறுப்பாளரான அப்பாதுரை, ரிடையரான பி.டி. வாத்தியார், மைக்கைத் துடைத்து வைத்திருந்தார்.

அஞ்சு மணி வாக்கில் ஒரு பெண் முந்தானை சரியக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். போளூர் பக்கத்துக் கிராமம். பேர் எழிலரசி. மகன் மணியைக் காணவில்லை. அஞ்சு வயது, மஞ்சள் சட்டை, சாமிக்கு முடி இறக்கிய மொட்டை. பொரி வாங்கக் கையை விட்டாளாம், அவ்வளவுதான்.

நந்தினி வழக்கம்போல அறிவித்தாள். "போளூரிலிருந்து வந்திருக்கும் எழிலரசி என்பவரின் மகன் மணி, வயது ஐந்து..."

எழிலரசி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா, அப்டிச் சொன்னா அவனுக்குப் புரியாதுக்கா. எழிலரசின்னா யாருன்னே அவனுக்குத் தெரியாது. அம்மா கூப்புடுறேன்னு சொல்லுக்கா. வாடான்னு சொல்லு."

சொல்லாமல் எப்படி? நந்தினி ஒரு மூச்சு இழுத்தாள்.

"மணி, எங்க இருந்தாலும் அம்மாகிட்ட வாப்பா. அம்மா கூப்புடுறேன்."

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அது ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பந்தலுக்கு எதிரே டீக்கடையில் நின்ற கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் சட்டென்று திரும்பினார்கள். ஒருவன் இன்னொருவன் தோளில் தட்டினான். பிறகு எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"இன்னொரு ஆளைக் குடு!"

சிரிப்பு. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "மச்சான், அப்படியே இருக்குடா!"

"என்னாக்கா சொல்றாங்க? பாத்தாங்களாமா?" என்று எழிலரசி அந்தப் பக்கம் ஓடப் பார்த்தாள். நந்தினி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அது வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எதை என்று விளக்குவது?

"பேசும்மா நந்தினி. கூட்டம் ஜாஸ்தியாவுது," என்றார் அப்பாதுரை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவள் பேசினாள். குரலைத் தட்டையாக, கனமாக, வேறு யாருடையதோ போல மாற்றிப் பார்த்தாள். எப்படி மாற்றினாலும் அரை நொடி கழித்துத் தூரத்துக் கம்பத்திலிருந்து திரும்பி வந்தது ஏரிக்கரையில் நின்றவளின் குரல்தான். பக்கத்தில் ஒரு தாய் நிஜமாகவே அழுதுகொண்டு நின்றாள். நந்தினிக்கோ கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் குரலாக இருந்தால் இந்நேரம் அழுதிருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பையன்களின் சத்தம் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பதில் சொன்னது. அப்பாதுரை விசிலை ஊதிக்கொண்டு போய் அவர்களை விரட்டினார். போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். பின்னால் ஒரு பெண் நின்று அழுவது அவர்களுக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டபிறகு அடி அண்ணாமலைப் பந்தலிலிருந்து போன் வந்தது. மோர்க் கடைக்காரர் ஒருவர் பையனைப் பிடித்து உட்காரவைத்திருந்தாராம். தொண்டர் ஒருவர் வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினார். கையில் பாதி தின்ற சோளக்கதிர். எழிலரசி அவன் முதுகில் இரண்டு அடி போட்டாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். மூக்கு ஒழுக, கேட்கச் சகிக்காத அழுகை. பந்தலில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் ஓய்ந்தபிறகு நந்தினி பையன் முன்னால் குனிந்தாள். "மைக்குல உன்னைக் கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல? அம்மா கூப்புடுறேன்னு சொன்னேனே."

பையன் சோளத்தைக் கடித்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தான். "அது எங்கம்மா இல்லியே," என்றான்.

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாதுரை சிரித்தார். நந்தினியும் சிரித்துவைத்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குத் தொண்டை சரியில்லை என்று அவள் போகவில்லை. அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவர்களே வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோபமெல்லாம் இல்லை. பொங்கலுக்கு அப்பாதுரை வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடும்போது சத்தம் போதவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். காது கேளாத பெரியவர் ஒருவர் தன் முறையைத் தவறவிட்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து அவளை மருந்துக் கவுண்ட்டருக்கு மாற்றினார்கள். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டிலும் அவள் பேச்சு குறைந்தது. "என்ன சொன்ன?" என்று சக்திவேல் திரும்பத் திரும்பக் கேட்டான். சொன்னதையே சொல்ல அலுத்து, விடுங்க என்பாள்.

அவனும் சும்மா இருக்கவில்லை. மெயில் எழுதுவதை விடவில்லை. அவளுக்குக் கேட்கக்கூடாது என்று பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினான். தையில் விளையாட்டு முழுதாக வெளிவந்தது. இதை விளையாடப் போவதில்லை என்று முதலில் சொன்னான். அவன் சேனலுக்கு வருகிற ஆட்கள் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தவர்கள் என்று அவளுக்கும் தெரியும். "ஆடுங்க. எனக்கொண்ணும் இல்ல," என்றாள்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவன் பக்கவாட்டு முகம் தெரியும். ஹெட்போன் காதை மூடியிருந்தது. அறையில் சத்தமே இல்லை. அவன் ஒரு சீட்டைக் கீழே வைத்தான். அவன் புருவம் மெல்ல ஏறியது. உதடு பிரிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் எதைச் சொல்லியும் அவன் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டான்.

நந்தினி கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

அவளுடைய மெல்லிய குரல் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்ன?" என்றான்.